எண்ணெய்க் கறையில் பிறந்த விளம்பரம்

1861-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்னும் ஊர்ப்பக்கத்துக் கல்குவாரியில் கிடைத்த ஓர் இறகைப் பற்றி ஹெர்மன் ஃபான் மேயர் என்ற தொல்லுயிர் அறிஞர் எழுதினார். ஒற்றை இறகு, விரல் நீளம்தான் இருக்கும். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் சேற்றில் அமிழ்ந்து கல்லாகிப்போனது. ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் நடுவே நிற்கும் அந்த உயிரினத்துக்கு அவர் வைத்த பெயர் ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா. முதல் பாதிக்குப் 'பழைய சிறகு' என்று பொருள். இரண்டாம் பாதிதான் விசித்திரம். லித்தோகிராஃபி என்றால் கல்லச்சு. உலகின் மிகப் பழைய பறவைகளில் ஒன்று, ஓர் அச்சுத் தொழிலின் பெயரைத் தாங்கிக்கொண்டு பாடப்புத்தகங்களில் பறக்கிறது.

காரணம் எளிது. அந்தக் குவாரியில் யாரும் பறவையைத் தேடிக் கல் உடைக்கவில்லை. அச்சகங்களுக்குக் கல் வெட்டினார்கள். வெட்டிய கல்லை ஒவ்வோர் அடுக்காகப் பிளந்து, இரண்டு பக்கமும் பார்த்து, மாசில்லாத கல்லைப் பொறுக்கி எடுத்ததால்தான் இறகு கண்ணில் பட்டது. அப்படிப் பொறுக்கிய கற்களில் ஒரு பங்கு எங்கே போனது என்று பின்தொடர்ந்தால் மாட்டிறைச்சி சூப்புக்கும் சாக்லேட்டுக்கும் வந்துசேர்கிறோம். கடைக்காரர் சாமானோடு சேர்த்துக் கையில் கொடுக்கும் சின்னப் படத்துக்கு வந்துசேர்கிறோம். விளம்பர அட்டை என்ற அந்தப் பொருளின் கதையைப் பொதுவாக வணிக வரலாற்றுக்காரர்கள்தான் சொல்வார்கள். எனக்கு அது வேதியியல் கதையாகவே படுகிறது.

கடை அட்டை கல்லச்சுக்கு முந்தியது. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன், பாரிஸ் வணிகர்கள் தங்கள் பெயரையும் சரக்கையும் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக் கதவில் எண் போடும் வழக்கம் முழுதாக வேரூன்றாத காலம் அது. 'தங்கச் சிங்கம் தொங்கும் கடை, இன்ன தேவாலயத்துக்கு எதிரில்' என்று அட்டையே வழிகாட்டியாகவும் இருக்கவேண்டியிருந்தது. பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தால் அதுவே ரசீது. ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1720-இல் தொழில் தொடங்கியபோது தனக்கென ஓர் அட்டையைத் தானே செதுக்கிக்கொண்டார்.

செம்பு அட்டையின் தொல்லை, செம்புதான். அதில் கோடுகள் பள்ளமாக வெட்டப்படும். மையைத் தேய்த்துப் பள்ளத்தில் நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, தாளை அழுத்தி எடுக்கவேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் இந்தத் துடைப்பு. துடைக்கத் துடைக்கத் தகடு தேயும். சில ஆயிரம் பிரதிகளுக்குள் நுண்ணிய கோடுகள் மங்கிவிடும். வண்ணம் வேண்டுமென்றால் ஆள் வைத்துத் தூரிகையால் பூசவேண்டும். அதனால் அப்படிப்பட்ட அட்டைகள் பெரும்பாலும் பணக்கார வாடிக்கையாளர் கைக்குத்தான் போயின. நாலணாவுக்குச் சாமான் வாங்க வருகிறவருக்கு யார் செம்புச் சித்திரம் கொடுப்பார்கள்?

இந்த இடத்தில்தான் அலாய்ஸ் செனஃபெல்டர் வருகிறார். 1771-இல் பிராகில் பிறந்தவர், மியூனிக்கில் நாடக நடிகரின் மகனாக வளர்ந்தவர். அப்பா இறந்ததும் சட்டப்படிப்பை விட்டார், நாடகம் எழுதினார். நாடகத்தை அச்சிடும் செலவு வரும்படியைத் தின்றுவிட்டது. சரி, நாமே அச்சடித்துவிடுவோம் என்று இறங்கினார். செம்புத் தகட்டில் எழுத்தை இடவலம் மாற்றி எழுதிப் பழகவேண்டும், தகடோ விலை அதிகம். பழகுவதற்கு வாங்கி வைத்ததுதான் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல் பலகை.

1796-இல் நடந்ததாக அவரே சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. சலவைக்குப் போகும் துணிகளின் கணக்கை எழுதச் சொல்லி அம்மா கேட்கிறார். கையில் தாள் இல்லை. மெழுகு, சோப்பு, விளக்குக் கரி கலந்த மையால் கல்லிலேயே எழுதிவைக்கிறார். பிறகு கல்லில் அமிலம் ஊற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க ஊற்றுகிறார். கல்லச்சு பிறந்த கதை என்று இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இது பாதிக் கதை. அந்த முதல் முயற்சியில் மை படாத இடத்தை அமிலம் அரித்து எடுத்தது, எழுத்து லேசாக மேடாக நின்றது. மரக்கட்டை அச்சு மாதிரி மேடும் பள்ளமும்தான், புதிதாக ஒன்றுமில்லை. மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல், வழவழப்பான ஒரே மட்டத்தில் அச்சிட முடியும் என்று அவர் கண்டுகொள்ள மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. 1798-இல் கிடைத்த அந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'வேதியியல் அச்சு'. கல்லச்சு என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால் அவர் வைத்த பெயர்தான் சரி.

அந்த வேதியியல் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உப்புத் தண்ணீர் வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு போட்டுக் குளித்தால் நுரை வராது. வாளியின் விளிம்பில் வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஒரு படிவு நிற்கும். சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து உண்டாகும் கால்சியம் சோப்பு அது. தண்ணீரில் கரையாது, தண்ணீரைத் தன்மேல் தங்கவும் விடாது. வாளியைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்களுக்கு அதன் பிடிவாதம் தெரியும்.

சோல்ன்ஹோஃபன் கல் ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். அதன்மேல் கொழுப்பு மையால் ஒரு கோடு போட்டால், கோடு விழுந்த இடத்தில் கல்லின் கால்சியமும் மையின் கொழுப்பு அமிலமும் சேர்ந்து அதே வாளிப் படிவை உண்டாக்குகின்றன. இப்போது கோடு கல்லின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, கல்லின் மேற்பரப்பே அந்த இடத்தில் வேறு பொருளாகிவிட்டது. அடுத்து, கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்த பிசின் கரைசலைப் பூசுகிறார்கள். நம் கருவேலம் பிசினுக்கு நெருங்கிய உறவான அரபுப் பிசின். கோடு இல்லாத வெற்றிடங்களில் அது மெல்லிய படலமாகப் படிந்து, நீரைப் பிடித்துவைக்கும் குணத்தைக் கல்லுக்குக் கொடுக்கிறது. பிறகு ஈரத் துணியால் துடைத்தால் வெற்றிடம் நனைகிறது, கோடு நனைவதில்லை. எண்ணெய் மை தடவிய உருளையை ஓட்டினால் ஈரமான இடம் மையைத் தள்ளுகிறது, கோடு மட்டும் ஏற்றுக்கொள்கிறது. தாளை வைத்து அழுத்தினால் படம் ரெடி. மறுபடி ஈரம், மறுபடி மை. எதுவும் தேயவில்லை, ஏனென்றால் தேய்வதற்கு மேடு பள்ளம் எதுவும் இல்லை.

இதற்கு ஏன் அந்த ஊர்க் கல்லே வேண்டும்? உலகமெங்கும் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே. ஜுராசிக் காலத்தில் சோல்ன்ஹோஃபன் பகுதி, கடலிலிருந்து திட்டுகளால் பிரிந்து நின்ற உப்பங்கழிகளாக இருந்தது. அடித்தண்ணீரில் உப்பு அதிகம், ஆக்ஸிஜன் குறைவு. நண்டும் புழுவும் துளைபோட்டுக் கலக்க ஆளில்லை. மாவைப்போல நுண்ணிய சுண்ணாம்புச் சேறு அமைதியாக, அடுக்கடுக்காகப் படிந்தது. செத்து விழுந்த பறவையின் இறகு நரம்புகூடக் கலையாமல் பதிந்ததும், ஓவியன் போட்ட மயிரிழைக் கோடு சிதறாமல் நிற்பதும் ஒரே காரணத்தால்தான். துகள் பெரிதாக இருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

செனஃபெல்டர் பவேரிய ஆட்சியாளரிடம் உரிமை பெற்றார், ஆஃபன்பாக் நகரில் யோஹான் அன்டோன் ஆந்த்ரே என்ற இசைப் பதிப்பாளரோடு சேர்ந்து இசைக் குறிப்புகளை அச்சிட்டார், 1818-இல் தன் முறையை விளக்கி முழுப் புத்தகமே எழுதினார். பவேரிய அரசு நிலவரிக்காக நாட்டை அளந்து வரைபடங்களைக் கல்லில் ஏற்றியது. நம் ஊர் நில அளவை வரைபடத்தின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடக் கற்கள் இருபதாயிரத்துக்கும் மேல் மியூனிக்கில் இன்னும் அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நாட்டின் பட்டா முழுவதையும் கல்வெட்டாக வைத்திருப்பது என்று இதைத்தான் சொல்லவேண்டும்.

ஆனால் வணிகனுக்கு வேண்டியது வரைபடமல்ல, வண்ணம். 1837-இல் அல்சாஸ் பகுதியின் முல்ஹவுஸ் நகரைச் சேர்ந்த கோட்ஃப்ராய் எங்கெல்மன் வண்ணக் கல்லச்சுக்குக் காப்புரிமை பெற்றார். யோசனை, சொல்வதற்குச் சுலபம்: ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். மஞ்சள் வரவேண்டிய இடங்கள் மட்டும் ஒரு கல்லில், நீலம் ஒன்றில், சிவப்பு ஒன்றில், சதை நிறம் ஒன்றில், சாம்பல் ஒன்றில். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின்மேலும் வரிசையாகப் போய்வரவேண்டும். நல்ல அட்டைக்குப் பன்னிரண்டு கற்கள்வரை பிடிக்கும்.

செய்வது நரகம். ஓவியத்தைப் பார்த்து, இந்தக் கன்னத்தில் எத்தனை பங்கு மஞ்சள், எத்தனை பங்கு இளஞ்சிவப்பு என்று லித்தோ ஓவியர் மனதுக்குள்ளேயே பிரிக்கவேண்டும். பிரித்ததைப் பேனா முனையால் புள்ளி புள்ளியாகக் கல்லில் வைக்கவேண்டும். புள்ளிகள் நெருங்கினால் அடர்த்தி, விலகினால் வெளிச்சம். கொஞ்சம் தூரத்திலிருந்து பார்க்கும் கண், தனித்தனிப் புள்ளிகளைப் பிரித்தறிய முடியாமல் கலந்துகொள்ளும். அதுவும் எல்லாமே இடவலம் மாறி வரைய வேண்டும். ஒரு தாள் பன்னிரண்டு முறை அழுத்தப்படும்போது அரை மில்லிமீட்டர் விலகினாலும் போச்சு, உதட்டுச் சிவப்பு தாடைக்கு இறங்கிவிடும். தாள் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி விரியும் என்பதால் அச்சகத்தின் காற்றீரத்தைக்கூடக் கவனிக்கவேண்டியிருந்தது. சட்டை நிறம் கையை விட்டு வெளியே வழிந்திருக்கும் பழைய சிவகாசி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கஷ்டத்தைத் தனியாக விளக்க வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 சென்டிமீட்டர் அகலம், 80 நீளம், 8 கனம் உள்ள கல் ஏறக்குறைய 100 கிலோ எடை வரும். பன்னிரண்டு வண்ணம் என்றால் ஒரு டன்னுக்கு மேல் கல். உள்ளங்கை அளவு அட்டைக்கு ஒரு டன்! ஆனால் யாரும் ஒரு கல்லில் ஓர் அட்டை அடிக்கவில்லை. மூலக் கல்லில் வரைந்த படத்தை ஒருவகைப் பசைத்தாளில் அச்செடுத்து, அந்தத் தாளைப் பெரிய கல்லில் திரும்பத் திரும்ப ஒற்றுவார்கள். ஒற்றிய கொழுப்பு மை புதிய கல்லோடும் அதே வேதியியலை நிகழ்த்தும். 7-க்கு 11 சென்டிமீட்டர் அட்டை என்றால் அந்தப் பெரிய கல்லில் ஓரம் போக நாற்பது, ஐம்பது படம் பிடிக்கும். நீராவியால் ஓடும் லித்தோ எந்திரம் 1850-களுக்குப் பிறகு பரவியதும், படத்தின் விலை தரைக்கு வந்தது. இனி மளிகைக்கடைக்காரர் அதைச் சும்மா கொடுக்கலாம்.

ஜெர்மானியர்கள் அதற்கு வைத்த பொதுப்பெயர் கவுஃப்மன்ஸ்பில்டர், அதாவது கடைக்காரர் படங்கள். பெர்லின், லைப்ஸிக் போன்ற நகரங்களின் அச்சகங்கள் உள்நாட்டுக்கு மட்டுமல்ல, பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் படம் அடித்துத் தள்ளின. 1887-இல் பிரிட்டன் கொண்டுவந்த சரக்குக் குறிச் சட்டம், வெளிநாட்டுப் பொருளில் அது வந்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றது. ஜெர்மன் சரக்கு மட்டமானது என்று வாங்குபவருக்குக் காட்டிக்கொடுப்பதுதான் நோக்கம். 'ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது' என்பது பிறகு எப்படித் தரமுத்திரையானது என்பது தெரிந்த கதை. அட்டை ஓரத்துப் பொடி எழுத்து ஒன்றே அதற்குச் சாட்சி.

ஆட்களும் ஏற்றுமதியானார்கள். 1824-இல் ப்ரெஸ்லாவில் பிறந்த லூயி ப்ராங், 1848 புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டு ஓடி, பாஸ்டனில் கல்லச்சகம் வைத்தார். 1873 வியன்னா உலகக் கண்காட்சியில் பூப்போட்ட வண்ண வியாபார அட்டைகளை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். படம் தயாராக இருக்கும், நடுவில் வெற்றிடம் விட்டிருக்கும். எந்தக் கடைக்காரரும் வாங்கித் தன் பெயரை அச்சிட்டுக்கொள்ளலாம். சிவகாசி காலண்டர் படத்துக்குக் கீழே நம் ஊர் ஜவுளிக்கடை பெயர் வருவதும் இதே வியாபாரம்தான்.

இனி சூப்பு.

யுஸ்டஸ் ஃபான் லீபிக், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாபெரும் வேதியியலாளர்களில் ஒருவர். கீசன் நகரில் அவர் நடத்திய ஆய்வகத்தில்தான் மாணவர்கள் கையால் வேதியியல் செய்து படிக்கும் முறை உருவாயிற்று. 1847-இல் இறைச்சியின் வேதியியல் பற்றி ஆராய்ந்து எழுதினார். மாட்டிறைச்சியை நீரில் வேகவைத்து, கொழுப்பை நீக்கி, வற்றக் காய்ச்சினால் கிடைக்கும் கரும்பழுப்புக் குழம்பில் இறைச்சியின் சத்து அடங்கியிருக்கிறது என்று நம்பினார். ஐரோப்பாவில் இறைச்சி விலை அதிகம். தென் அமெரிக்காவிலோ தோலுக்கும் கொழுப்புக்கும் மாட்டை வெட்டிவிட்டு இறைச்சியை வீணடித்துக்கொண்டிருந்தார்கள். கியோர்க் கிறிஸ்டியன் கீபெர்ட் என்ற ஜெர்மன் பொறியாளர் இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டார். உருகுவேயின் ஃப்ரே பென்டோஸில் ஆலை, 1865-இல் லண்டனில் பதிவான நிறுவனம், ஜாடியின்மேல் லீபிக்கின் கையெழுத்து நீல நிறத்தில்.

ஒரு கிலோ சாற்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் இறைச்சி போகும். முப்பது கிலோவின் சத்து ஒரு கிலோவில் என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேகும்போது இறைச்சியின் புரதம் பெரும்பாலும் திரண்டு சக்கையோடு தங்கிவிடுகிறது. கெட்டுப்போகாமல் இருக்கக் கொழுப்பை வேண்டுமென்றே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது உப்புகள், க்ரியாட்டின் போன்ற நைட்ரஜன் சேர்மங்கள், அப்புறம் அபார ருசி. லீபிக் உயிரோடு இருக்கும்போதே மற்ற விஞ்ஞானிகள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். வாதம் பின்வாங்கி, 'உணவு அல்ல, உற்சாகம் தருவது' என்ற இடத்துக்கு வந்தது. கடைசியில் அது சமையலுக்குச் சுவைகூட்டும் பொருளாக நிலைத்தது. ருசியை விற்றார்கள், தப்பில்லை, ஆனால் மருத்துவ மொழியில் விற்றார்கள்.

சத்தை நிரூபிக்க முடியாத சரக்குக்கு வேறு ஓர் இழுப்பு வேண்டும். 1870-களின் தொடக்கத்திலிருந்து நிறுவனம் வண்ண அட்டைகளைக் கொடுக்கத் தொடங்கியது. லீபிக் 1873-இல் இறந்துபோனார். அட்டைகள் அவர் பெயரில் மேலும் ஒரு நூறு ஆண்டு ஓடின. ஜெர்மனியில் 1940 வரை, இத்தாலியில் 1975 வரை. பெரும்பாலும் ஆறு அட்டை ஒரு தொடர். 1,800-க்கும் மேற்பட்ட தொடர்கள், பல மொழிகளில். எரிமலை, ஆப்பரா, பூச்சி, பழங்காலப் போர், நாடுகாண் பயணம், என்ன இல்லை? படத்தின் மூலையில் ஒரு ஜாடி நாசூக்காக உட்கார்ந்திருக்கும். பின்பக்கத்தில் விளக்கம், சமையல் குறிப்பு. வீட்டில் கலைக்களஞ்சியம் வாங்க வழியில்லாத குழந்தைக்கு அதுதான் கலைக்களஞ்சியம்.

அந்தத் தொடர்களில் ஒன்றின் பொருள், லீபிக் அட்டை எப்படி உருவாகிறது என்பதே. குவாரியில் கல் வெட்டுவதிலிருந்து அச்சகம் வரைக்கும், தன் பிறந்த கதையைத் தானே ஆறு படத்தில் சொல்லிக்கொண்ட விளம்பரம். தன் தொழில்நுட்பத்தின்மேல் அவ்வளவு பெருமை. ஜாடிக்குள் இருந்த சாற்றைப் பற்றி அவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்க முடியுமா என்பது என் சந்தேகம். சாற்றின் வேதியியல் பலவீனமானது, அட்டையின் வேதியியலில் ஓட்டையே இல்லை.

லீபிக்கின் கை அச்சு மை வரைக்கும் நீள்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த முடிச்சு. அவருடைய மாணவர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன், லண்டனுக்குப் போய் வேதியியல் கல்லூரியை நடத்தினார். அங்கே உதவியாளனாக இருந்த வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், 1856-இல் கொய்னா மருந்து செய்யப் போய், நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் செய்துவிட்டான். அதைத் தொடர்ந்து வந்தது சாயங்களின் வெள்ளம். லுட்விக்ஸ்ஹாஃபனின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஹைன்ரிக் காரோ 1870-களில் ஈயோசின் என்ற கண்ணைப் பறிக்கும் செந்நிறத்தைக் கொண்டுவந்தார். சாயத்தை உலோக உப்புகளோடு சேர்த்துக் கரையாத தூளாக்கினால் அச்சு மைக்கு ஏற்ற நிறமி. அதுவரை மாவுப்பூச்சி மாதிரியான ஒரு பூச்சியை உலர்த்திப் பொடித்து எடுத்த சிவப்புக்குப் பதிலாகக் கரியிலிருந்து சிவப்பு. மலிவான பகட்டு.

பகட்டுக்கு ஆயுள் குறைவு. ஈயோசின் நிறமி வெளிச்சம் பட்டால் மூலக்கூறு உடைந்து வெளுத்துவிடும். சட்டம் போட்டு மாட்டிய பழைய லித்தோ படங்களில் சிவந்த கன்னங்கள் வெளிறி, நீலமும் மஞ்சளும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆல்பத்துக்குள் மூடிக் கிடந்தவை நேற்று அடித்தவைபோல இருக்கும். பொன்னிறமும் அப்படித்தான். அது பொன் அல்ல, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள். அந்தத் தூளுக்குப் பேர்போன ஊர், நியூரம்பெர்குக்குப் பக்கத்து ஃபூர்த். பசை மையை முதலில் அச்சிட்டு, ஈரம் காயுமுன் தூளைத் தூவித் துடைப்பார்கள். ஆண்டுகள் போகப்போக மகாராணியின் கிரீடம் பழுப்பாகும், சில சமயம் பச்சை பூக்கும். நம் வீட்டுக் குத்துவிளக்கில் புளி போடாவிட்டால் நடப்பதுதான்.

இங்கே வழியில் ஒரு பிரெஞ்சுக்காரரை நிறுத்தி வணக்கம் சொல்லாமல் போக முடியாது. மிஷெல் ஷெவ்ரெய் 102 வயது வாழ்ந்தார். கல்லச்சு வேலை செய்வதற்குக் காரணமான கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டியவர் அவர். அடுத்தடுத்து வைத்த நிறங்கள் ஒன்றை ஒன்று எப்படி மாற்றிக் காட்டும் என்று 1839-இல் புத்தகம் எழுதியவரும் அவர். இறைச்சியிலிருந்து க்ரியாட்டினை 1832-இல் கண்டெடுத்தவரும் அவரே. ஒரு லீபிக் அட்டையின் கல், கண், ஜாடி மூன்றிலும் அவர் இருக்கிறார். அவருக்கு அதில் ஒரு பைசா வந்திருக்காது.

சாக்லேட் உலகில் லீபிக்குக்குச் சமமான பெயர் கொலோன் நகரின் ஸ்டோல்வெர்க். 1887-லிருந்து காசு போட்டால் சாக்லேட் தரும் எந்திரங்களை ஊரெங்கும் நிறுத்தினார்கள். 1897-இல் படம் ஒட்டுவதற்கென்றே ஆல்பம் வெளியிட்டார்கள். ஆல்பம் என்பது சாமர்த்தியமான கண்டுபிடிப்பு. தொடரில் ஆறில் நாலு கிடைத்துவிட்டது, இரண்டு கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டம் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், குழந்தை அப்பாவைப் பார்க்கும். பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர் படத்துக்காக மிட்டாயைத் தூர எறிந்த தலைமுறை நம்மிடமும் இருக்கிறது. அட்டைக்காகச் சரக்கு வாங்கும் நிலை வந்தபின் எது விளம்பரம், எது பொருள்?

படங்களின் உள்ளே இருந்ததையும் பார்க்கவேண்டும். 1884-லிருந்து ஜெர்மனி ஆப்பிரிக்காவில் காலனிகளைப் பிடித்தது. சாக்லேட், காப்பி, புகையிலை எல்லாம் வெயில் நாட்டுச் சரக்கு. அட்டைகளில் கறுப்பர்கள் சுமை தூக்குபவர்களாகவும் தடித்த உதட்டுக் கேலிச்சித்திரங்களாகவும் நிறைந்தார்கள். டேவிட் சியார்லோ என்ற வரலாற்றாய்வாளர் ஜெர்மன் விளம்பரப் படங்களில் இனவாதம் எப்படி வார்ப்பாக இறுகியது என்று 2011-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். இந்தியா என்றால் யானை, பாம்பாட்டி, அரண்மனை. கல்லச்சின் புள்ளிக்கு நேர்மை பொய்மை தெரியாது. ஒரு தவறான முகத்தையும் பத்து லட்சம் முறை மாறாமல் அடித்துத் தரும்.

அந்தக் காலிக் கட்டத்தின் பலத்தை அரசியல்வாதிகளும் கண்டுகொண்டார்கள். சிகரெட் பெட்டிக்குள் வரும் சீட்டுகளைச் சேர்த்து அனுப்பினால் புகைப்படங்கள் கிடைக்கும் முறையை ரீம்ட்ஸ்மா நிறுவனம் ஹாம்பர்க் அருகே ஆல்டோனாவிலிருந்து நடத்தியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் இரண்டு தொகுதி ஆல்பம் அப்படி வந்தது. அதே ஆண்டு, புகைப்படக்காரர் ஹைன்ரிக் ஹோஃப்மன் எடுத்த படங்களோடு ஹிட்லரின் வாழ்க்கை ஆல்பமும் அதே வழியில் வீடுகளுக்குள் நுழைந்தது. குடும்பமே உட்கார்ந்து பசை தடவி ஒட்டியது. பேச்சைக் கேட்பதைவிட ஒட்டுவது ஆழமாகப் பதியும் என்று பிரசாரத் துறையினருக்குத் தெரிந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், சரக்கோடு இலவசம் கொடுப்பதைக் கட்டுப்படுத்தி 1932-லேயே ஜெர்மனியில் ஆணை போட்டிருந்தார்கள். அற்ப மதிப்புள்ள விளம்பரப் பொருள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த ஆணை 2001 வரை உயிரோடு இருந்தது.

கல் அதற்கு வெகு முன்பே தோற்கத் தொடங்கிவிட்டது. 1882-இல் மியூனிக்கின் கியோர்க் மைசன்பாக், கண்ணாடித் திரையின் வழியாகப் புகைப்படத்தை ஒழுங்கான புள்ளிகளாக உடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பன்னிரண்டு கல்லுக்கும் ஓவியரின் கண்ணுக்கும் பதிலாக மூன்று நான்கு நிறங்களும் ஒரு கேமராவும். உருப்பெருக்கி இருந்தால் நீங்களே பிரித்தறியலாம். இன்றைய காலண்டர் படத்தில் புள்ளிகள் தேன்கூடுபோல வரிசை பிடித்து நிற்கும். லித்தோ அட்டையில் கைவைத்த புள்ளி, ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஓரிடத்தில் கூட்டம், ஓரிடத்தில் காலி. யாரோ ஒருவர் ஜன்னலோரம் குனிந்து உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. அவர்கள் பெயர் பெரும்பாலும் அட்டையில் இருக்காது.

ஆனால் செனஃபெல்டரின் நீரும் எண்ணெயும் போகவில்லை. கல்லின் இடத்துக்கு அலுமினியத் தகடும், தகட்டுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு ரப்பர் விரிப்பும் வந்தால் அதன் பெயர் ஆஃப்செட். நம் ஊர் அச்சகங்களில் ஹைடல்பெர்க் என்றாலே எந்திரம் என்று பொருள்படும் அளவுக்கு ஜெர்மன் பெயர் ஒன்று புழங்குகிறதே, அந்த எந்திரத்துக்குள் இன்றும் ஓர் உருளை ஈரத்தையும் இன்னோர் உருளை மையையும் தடவிக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன்பே கல்லச்சு நேரடியாக நம்மிடம் வந்திருந்தது. 1894-இல் ரவி வர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்துக்கு எந்திரமும் தொழில்நுட்ப ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் பின்னாளில் அந்த அச்சகத்தையே வாங்கிக்கொண்டார். லட்சுமியும் சரஸ்வதியும் பூஜை அறைக்கு வந்ததும், பிறகு விளம்பரப் படமாகக் கடைச் சுவருக்குப் போனதும் அந்தக் கற்களின் வழியாகத்தான். சிவகாசித் தீப்பெட்டி லேபிள்களும் லித்தோவில்தான் தொடங்கின.

ஃப்ரே பென்டோஸ் ஆலை இப்போது அருங்காட்சியகம், 2015-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சோல்ன்ஹோஃபனில் குவாரி இன்னும் ஓடுகிறது. அடுக்கடுக்காகப் பிளக்கவேண்டிய கல் என்பதால் சுத்தியலும் உளியுமாகக் கையாலேயே வேலை பார்க்கிறார்கள், புதைபடிவங்களும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. அச்சுக்கு அந்தக் கல்லைக் கேட்பவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் ஓவியர்கள்தான். பெரும்பகுதி வீடுகளுக்குத் தரைக்கல்லாகப் போகிறது. இளமஞ்சள் நிறம், வழவழப்பு, பார்க்க அழகு. ஒரே ஒரு சங்கடம், சமையலறையில் போட்டால் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிந்தினால் உடனே ஒற்றி எடுக்கச் சொல்கிறார்கள். விட்டுவிட்டால் கறை கல்லுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும்.